உங்களுக்குத் தெரியுமா? 42 வயதில் முதல் படம்!

● ஹாரி பாட்டர் படங்களில் கறுப்பு அங்கியோடு வரும் ஸ்நேப் வாத்தியாரை நினைவிருக்கிறதா? அந்த ஆலன் ரிக்மேன் சினிமாவில் முதன்முதலாகத் தலைகாட்டியபோது அவருக்கு வயது 42. நம்மூர் ஹீரோக்கள் அப்பா வேடத்துக்குப் பயப்படத் தொடங்கும் வயது!

● அவர் படித்தது கலையும் வடிவமைப்பும். லண்டனில் நண்பர்களோடு சேர்ந்து கிராஃபிக் டிசைன் நிறுவனம் நடத்தியவர், 26 வயதில் அதை விட்டுவிட்டு ‘ராடா’ நாடகப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

● படிப்புச் செலவுக்கு? நைஜல் ஹாதோர்ன், ரால்ஃப் ரிச்சர்ட்சன் போன்ற பெரிய நடிகர்களுக்கு மேடைக்குப் பின்னால் உடை மாற்றிவிடும் வேலை. ராடாவுக்கு வெளியே கிடைத்த இன்னொரு ராடா அது.

● 1985-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ‘லே லியேசோன் டாஞ்செரூஸ்’ நாடகத்தில், பெண்களை மயக்கிக் கெடுக்கும் வால்மோன்ட்டாக நடித்தார். 1987-ல் நாடகம் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது; டோனி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். ஆனால் அந்த நாடகம் படமானபோது வால்மோன்ட் வேடம் போனது ஜான் மால்கோவிச்சுக்கு! அதனால் என்ன? பிராட்வேயில் அவரைப் பார்த்த தயாரிப்பாளர் ஜோயல் சில்வர், அவருடைய முதல் படமான ‘டை ஹார்ட்’டின் வில்லனாக்கிவிட்டார். கைநழுவிய வேடம், கைக்கு வந்த வேடம் இரண்டும் 1988-லேயே திரைக்கு வந்தன. எது அதிகம் பேசப்படுகிறது என்று சொல்லவும் வேண்டுமா?

● ‘டை ஹார்ட்’ முடிவில் கட்டடத்திலிருந்து விழும்போது அவர் முகத்தில் தெரியும் அதிர்ச்சியில் நடிப்பு குறைவு. மூன்று எண்ணியதும் விடுவதாகச் சொல்லிவிட்டு, முன்னதாகவே விட்டுவிட்டார்கள்!

● ‘ராபின் ஹுட்: பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்’ வாய்ப்பை முதலில் மறுத்தார். உங்கள் இஷ்டப்படி நடிக்கலாம் என்றதும் ஒப்புக்கொண்டார். வசனங்களை மெருகேற்ற நகைச்சுவை நடிகை ரூபி வாக்ஸ், நாடகாசிரியர் பீட்டர் பார்ன்ஸ் என்ற நண்பர்களின் உதவியும் உண்டு. நாயகன் கெவின் காஸ்ட்னரை ஓரங்கட்டிவிட்டு, பாஃப்டா விருதோடு போனார் வில்லன்.

● ஸ்நேப் உள்ளுக்குள் எப்படிப்பட்டவர் என்ற ரகசியக் குறிப்பை, கடைசிப் புத்தகம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுத்தாளர் ரௌலிங் இவரிடம் சொல்லியிருந்தார். ஆரம்பப் படங்களை மறுபடி பாருங்கள். சில பார்வைகளுக்கு இப்போது வேறு கணக்கு தெரியும்.

● ‘ரஸ்புதின்’ தொலைக்காட்சிப் படத்துக்காக எம்மி, கோல்டன் குளோப் இரண்டும் வாங்கினார். ஆஸ்கர்? ஒருமுறைகூடப் பரிந்துரை இல்லை. ஆஸ்கர்காரர்களுக்குத்தான் நஷ்டம்.

● 2001 நவம்பரில் முதல் ஹாரி பாட்டர் படம் உலகத் திரைகளைப் பிடித்தபோது இவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? லண்டனில், பழைய வால்மோன்ட் நாட்களின் ஜோடியான லிண்ட்சே டங்கனோடு, நோயல் கவர்டின் ‘பிரைவேட் லைவ்ஸ்’ நாடகத்தில் மேடையேறிக்கொண்டிருந்தார்!