270 வெள்ளி ரூபாய் உருகி உலகக் கோப்பைகளுக்கெல்லாம் மூத்த கோப்பை ஆனது தெரியுமா?

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ரக்பி களத்தில் முட்டி மோதிக்கொள்கின்றனவே, அந்தக் கோப்பைக்கு எந்த ஊரின் பெயர் தெரியுமா? லண்டன் இல்லை, எடின்பரோ இல்லை. நம் கல்கத்தா!

1872, கிறிஸ்துமஸ் நாள். கல்கத்தாவில் ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். எதிரே ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். அணிக்கு 20 பேர்! (இன்று 15தான்.) முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணி பாய்ந்து மடக்கிச் சாய்க்கும். கபடி பழகிய நம்மூர்ப் பையன்களுக்கு அந்தப் பிடியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டம் பிடித்துப்போய் ஒரே வாரத்தில் மறுபடி ஆடினார்கள். 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்துவிட்டது!

ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை. ரக்பி ஆடிய பட்டாளம் மாற்றலாகிப் போனது, வெயில் வாட்டியது, போலோவும் டென்னிஸும் ஆட்களை இழுத்துக்கொண்டன. கிளப்பில் இலவச மது நின்றதும் உறுப்பினர்கள் இன்னும் குறைந்தார்கள். கையிருப்பை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டு கலைந்திருக்கலாம் அல்லவா? செயலாளரும் பொருளாளருமான ரோத்னி வேறு வழி சொன்னார். வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாகவே எடுத்து, உருக்கி, கோப்பையாக்கி, இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். எப்பேர்ப்பட்ட மனசு!

அந்த நாளைய வெள்ளி ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம். 270 ரூபாய் என்றால் மூன்று கிலோவுக்கு மேல்! கோப்பையைச் சற்றுக் கிட்டத்தில் பாருங்கள்: கைப்பிடி மூன்றும் மூன்று நாகங்கள். மூடியின் உச்சியில் அம்பாரி சுமந்த யானை. உடல் முழுக்க நுணுக்கமான சித்திர வேலை. எல்லாம் இந்தியக் கைவினைஞர்களின் கைவண்ணம். அவர்கள் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆற்றாமைதான்.

1879 மார்ச் 10, எடின்பரோவில் அந்தக் கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய முதல் போட்டி. வெற்றி யாருக்கு? யாருக்கும் இல்லை, டிரா! 1988இல் அதே எடின்பரோவில் அணிக்கு ஒருவராக இரண்டு வீரர்கள் கோப்பையைத் தெருவுக்குத் தூக்கிப்போய் நெளித்தே விட்டார்கள். அதையும் சரிசெய்து, ஆட்டம் இன்றும் தொடர்கிறது.

இடையே ஒரு சேதி. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களே, இது உங்களுக்கு! பழைய ரக்பி சட்டையும் பின்னலாடைதான், கனத்த பருத்தியில். மோதும்போது குத்தாமலிருக்க ரப்பர் பட்டன் வைத்துத் தைப்பார்கள்!

செத்துப்போன அந்தக் கிளப்? 1884இல் மீண்டும் எழுந்தது! 1965இல், 1792லேயே தோன்றிய கல்கத்தா கிரிக்கெட் கிளப்போடு இணைந்தது. கொல்கத்தாவில் அந்தக் கிளப்பில் இன்றும் ரக்பி ஆடுகிறார்கள், இந்தியப் பிள்ளைகள்!