காவிரியின் கூன்முதுகு மீன்

ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களுள் எங்கள் சேத்துப்பட்டும் ஒன்று. சேலை உண்மைப் பட்டுதானா என்ற ஐயம் எழுந்தால், ஓர் இழையை உருவித் தீயில் காட்டுவார்கள். மயிர் கருகும் வாடை வந்தால் அது பட்டு. வராவிட்டால் செயற்கை இழை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்! மீனைப் பற்றிய கட்டுரையில் பட்டுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

எங்கள் பக்கத்துச் செய்யாறு மழைக்காலத்தில் மட்டுமே ஆறாக இருக்கும். ஆகவே ஓடும் ஆற்றைக் காண்பதற்காக என் மாணவர் சிலருடன் திருவண்ணாமலை, தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சென்றேன். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடுகளை 2022 நவம்பரில் தமிழக அரசு 'காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம்' என அறிவித்தது. நீர்நாய், முதலை, மென்னோட்டு ஆமை ஆகியவை வாழும் ஆற்றுப் பகுதி இது.

பரிசலில் இருந்து குனிந்து பார்த்தால், மீன்கள் கைக்கெட்டும் ஆழத்தில் நீந்துவதுபோல் தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள்! நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 4/3. நேர் மேலிருந்து பார்க்கும்போது 4 அடி ஆழம் 3 அடியாகவே தெரியும்.

நீர்நாய் நாள்தோறும் நீரில் கிடந்தும் குளிரால் வாடுவதில்லை. ஏன்? அதன் அடர்ந்த மயிருக்கிடையே காற்று சிறைப்பட்டிருக்கிறது. நீரைவிடக் காற்று சுமார் 24 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். எனவே உடல் வெப்பம் எளிதில் வெளியேறாது.

இனி நம் மீனுக்கு வருவோம். காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்குமே உரியது கூன்முதுகு மாசீர். 1946-இல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மாசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது! இவ்வளவு பெரிய மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் உறுதியானது எப்போது தெரியுமா? 2018-இல்தான். மீனியல் அறிஞர் ரெமாதேவியைச் சிறப்பிக்கும் 'டோர் ரெமாதேவியை' என்பதே அப்பெயர். அதே ஆண்டில் அது 'மிக அருகிய இனம்' எனச் செம்பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

ஏன் இந்த நிலை? வெடிவைத்து மீன் பிடித்தல், அணைகள், நீர் மாசு ஆகியவை நாம் அறிந்த காரணங்கள். ஓடும் நீர் பாறையில் மோதி நுரைக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் கரைகிறது. நீர் சூடானால் அந்த அளவு குறையும். 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம் அளவே. தேங்கிச் சூடான நீர் மாசீருக்கு ஏற்றதன்று.

இன்னொரு காரணம் வியப்பானது. மாசீரைப் பெருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் கடந்த நூற்றாண்டில் காவிரியில் விட்டார்கள். அவையும் மாசீர்தாம், ஆனால் கிருஷ்ணா ஆற்று நீரமைப்பைச் சேர்ந்த நீலத்துடுப்பு மாசீர். கர்நாடகக் காவிரியில் மீனைத் தூண்டிலில் பிடித்து மீண்டும் நீரில் விட்டுவிடும் முகாம் ஒன்றின் 1998 முதல் 2012 வரையிலான குறிப்புகளை ஆராய்ந்தார்கள். பிடிபட்ட மாசீர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் கூன்முதுகு மாசீரோ ஆண்டுக்காண்டு அரிதாகியிருந்தது! மொத்தமாக எண்ணியிருந்தால், 'மாசீர் பெருகிவிட்டது' என்று மகிழ்ந்திருப்போம். பட்டையும் செயற்கை இழையையும் ஒரே கட்டில் வைத்து எண்ணியது போலத்தான் அது.

ஒரு காட்டுக்கு எல்லை வகுப்பது பாதுகாப்பின் தொடக்கமே. அங்கே வாழ்வது எது, அந்த ஆற்றுக்கே உரியது எது என்று பிரித்தறிவதும் வேண்டும்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். உங்கள் ஊர் ஏரியில் மீன் பிடிப்பவர்களிடம் பேசுங்கள். விரால், கெண்டை, கெளுத்தி, அயிரை என அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதைத் தனியே குறியுங்கள். முன்பு நிறையக் கிடைத்து, இப்போது கிடைக்காத மீன் எது என்றும் கேளுங்கள். வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் மீனை மட்டும் எந்த ஏரியிலும் விட்டுவிடாதீர்கள்!