திரையில் வரும் போர்: பிழையைக் கண்டுபிடியுங்கள்!

கம்மாபுரத்தில் திருவிழா. ஊர்க்கோடியில் அதிர்வேட்டுப் போடுகிறார்கள். தொலைவில் வயல் வரப்பில் நிற்கும் உங்களுக்கு முதலில் தெரிவது பளிச்சென்ற ஒளி. சற்றுப் பொறுத்துத்தான் 'டமார்' என்ற ஓசை கேட்கிறது. ஏன்? ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. செல்கிறது. ஒலியோ நம் ஊர் வெப்பத்தில் சுமார் 350 மீட்டர்தான் செல்லும்.

இப்போது நீங்கள் பார்த்த ஒரு போர்ப்படத்தை நினைத்துப் பாருங்கள். நெடுந்தொலைவில் பீரங்கி வெடிக்கிறது. அதே நொடியில் ஓசையும் கேட்கிறது! இது சரியா?

1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் கடலில் ஆங்கிலேயரின் 18 போர்க்கப்பல்களும் பிரெஞ்சுக்காரரின் 15 போர்க்கப்பல்களும் மோதின. அதைப் படமாக எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 7 கி.மீ. தொலைவில் ஒரு கப்பல் சுட்டால், கரையில் நிற்பவருக்கு 20 வினாடி கழித்தே ஓசை கேட்க வேண்டும். புகையையும் மறக்கக் கூடாது. அக்காலக் கருமருந்து எரிந்தால், அதன் எடையில் பாதிக்கு மேல் திடத்துகள்களாக மாறும். அவையே அடர்ந்த புகையாக மிதந்து பார்வையை மறைக்கும். புகையே இல்லாத பீரங்கிச் சண்டை அந்தக் காலத்துச் சண்டை அன்று.

தொடர்ச்சிப் பிழை

திரையில் ஐந்து நிமிடம் ஓடும் சண்டையை எடுக்கப் பல நாட்கள் ஆகலாம். கதை வரிசைப்படியும் எடுப்பதில்லை. காலையில் எடுத்த துண்டையும் மாலையில் எடுத்த துண்டையும் ஒட்டினால் என்ன ஆகும்? வீரனின் நிழல் திசை மாறிவிடும். இடக்கன்னத்துக் காயம் வலக்கன்னத்துக்குத் தாவிவிடும்! இதைத் தடுக்கவே உடை, காயம், பொருள்கள் இருந்த இடம் ஆகியவற்றைக் குறித்துவைக்கப் படப்பிடிப்பில் ஓர் உதவியாளர் இருப்பார்.

கருவிப் பிழை

'பாட்டன்' (1970) என்ற அமெரிக்கப் படம் இரண்டாம் உலகப் போரைக் காட்டுகிறது. ஆனால் அதில் ஜெர்மன் டாங்கிகளாக வருபவை, போர் முடிந்தபின் அமெரிக்கா செய்தவை. ஸ்பெயின் ராணுவம் கொடுத்து உதவியவை. வேடிக்கை என்னவென்றால், அந்த டாங்கிகளின் பெயரும் பாட்டன்தான்!

வரலாற்றுப் பிழை

எல்லாப் பிழைகளும் வேடிக்கையானவை அல்ல. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் பாலைவனத்தில், லோங்கேவாலா எல்லை முகாமைச் சுமார் 120 இந்திய வீரர்கள் காத்து நின்றனர். அதைக் கதையாகக் கொண்ட 'பார்டர்' (1997) என்ற இந்திப் படத்தில், பைரோன் சிங் என்ற வீரர் போரில் இறந்துவிடுகிறார். உண்மையில் அவர் உயிர் பிழைத்தார். சேனா பதக்கமும் பெற்றார். 2022 டிசம்பரில்தான் காலமானார். படம் பார்த்தவர்கள் மனத்திலோ, உயிருடன் இருந்த மனிதர் கால் நூற்றாண்டுக் காலம் இறந்தவராகவே இருந்தார்.

அடுத்த முறை போர்ப்படம் பார்க்கும்போது ஓசையைக் கவனியுங்கள், நிழலைக் கவனியுங்கள். இவற்றைக் கொட்டகையில் இருந்தபடியே சோதிக்கலாம். யார் இறந்தார், யார் பிழைத்தார் என்பதைச் சோதிக்க மட்டும் நூலகத்துக்குத்தான் போக வேண்டும்.