தண்ணீர் ஏறாத கோடு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், புல்வெளிச் சமவெளி முடிந்து ராக்கி மலைத்தொடர் தொடங்கும் இடத்தில் இருக்கிறது போல்டர் நகரம். மேற்கே போகப் போக வீடுகள் நெருங்கிவந்து, மலையடிவாரத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் பைன் காடும் பாறையும்தான். வீடுகளை முதலில் அங்கே நிறுத்தியது வேலியல்ல, குடிநீர்க் குழாய்.

குழாயில் தண்ணீர் 10 மீட்டர் மேலேறினால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் குறைந்துவிடும். சரிவில் வீடு கட்டுபவருக்குத் தண்ணீர் தர, பம்பு வைத்து ஏற்ற வேண்டும். செலவு ஊர் முழுவதன் தலையிலும் விழும். 1950களில் வீடுகள் மலையேறத் தொடங்கியபோது, கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களான இயற்பியலாளர் ஆல் பார்ட்லெட்டும் கணிதவியலாளர் பாப் மெக்கெல்வியும் இந்தத் தண்ணீர்க் கணக்கில் கைவைத்தார்கள். 5,750 அடி உயரத்துக்கு மேல் நகராட்சி தண்ணீர் தராது என்று 1959இல் மக்கள் வாக்களித்து நகரச் சாசனத்தைத் திருத்தினார்கள். ‘நீலக்கோடு’ என்று அதற்குப் பெயர். யாருடைய நிலத்தையும் அது பறிக்கவில்லை. கட்டக் கூடாது என்றும் சொல்லவில்லை.

ஆனால் கோடு நிலத்தை வாங்கித் தராது. என்சாண்டட் மேசா என்ற மேட்டில் சொகுசு ஓட்டல் வரவிருந்தபோது, அந்த நிலத்தை வாங்க 1,05,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட 1962இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆபத்து வரும்போதெல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருக்க முடியுமா? 1967இல் விற்பனை வரி வந்தது: 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் 40 சென்ட் திறந்தவெளி நிலத்துக்கு. ஊர் வளர்ந்தால் நிலத்தின் விலை ஏறும். கடைகளின் விற்பனையும் ஏறும். வரியும் கூடவே ஏறும். நிலையான வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்கி, விலை எகிறும் முன்பே நிலத்தை வாங்கிவிடலாம். சில இடங்களில் நிலத்தை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நகரம் விலைக்கு வாங்கியது. இன்று 45,000 ஏக்கருக்கு மேல் அதன் பாதுகாப்பில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியில் குத்தகைக்கு விவசாயமும் மாடு வளர்ப்பும் நடக்கின்றன.

துண்டுதுண்டாகக் கிடந்தால் இத்தனை ஏக்கருக்கும் பயன் குறைவு. கரடியும் மலைச்சிங்கமும் மானும் உணவையும் பருவத்தையும் பின்தொடர்ந்து மலைக்கும் சமவெளிக்கும் இடையே நடமாடுபவை. அவற்றுக்குத் தொடர்ச்சி வேண்டும். அதே நிலத்தில் மனிதருக்கோ நடக்கப் பாதை வேண்டும். இந்தப் பகுதியின் புல்வெளியிலும் காட்டிலும் பறவைகளைக் கணக்கெடுத்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒற்றையடிப் பாதைகூடச் சும்மா இருப்பதில்லை என்று காட்டியது. எங்கும் பிழைக்கும் பறவைகள் பாதையோரம் பெருகின. குறிப்பிட்ட வாழிடத்தையே நம்பியவை விலகின. பாதைக்கு அருகே இருந்த கூடுகள் கொன்றுண்ணிகளுக்கு அதிகம் இரையாயின.

ஆகவே ஒரு பாதையின் தீங்கு அதன் அகலத்தோடு முடிவதில்லை. திட்டமிடுபவர்கள் பாதைகளை ஓரமாக ஒதுக்கி, நடுவே பெரிய பரப்புகளைக் கால் படாமல் விடப் பார்ப்பதன் காரணம் இதுதான். வல்லூறும் கழுகும் கூடு கட்டும் பாறைகள் பிப்ரவரி முதல் ஜூலை வரை மூடப்படுகின்றன.

இதற்கெல்லாம் வரியைத் தவிர இன்னொரு விலையும் உண்டு. விரிய இடமில்லாத ஊரில் வேலைவாய்ப்பு பெருகியதால் வீட்டு விலை உச்சத்துக்குப் போய்விட்டது. போல்டரில் வேலை பார்க்கும் பல்லாயிரம் பேர் வெளியூர்களிலிருந்து தினமும் காரில் வந்துபோகிறார்கள். கரடிக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த நகரம், தன் பள்ளி ஆசிரியருக்கு எங்கே இடம் என்ற கணக்கை இன்னும் போட்டு முடிக்கவில்லை.