விளம்பரமும் குடியானவரும்

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்பது பழமொழி. வியாபாரத்துக்கு விளம்பரமே வாய். நல்ல சரக்கை வைத்திருப்பவர் அதை நாலு பேர் அறியச் சொல்வதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் சரக்கை வாங்குவார் இல்லாதபோதும் வாய் மட்டும் ஓயாது பேசினால் என்ன விளையும் என்பதைத் தமிழ்நாடு 2012-ம் ஆண்டில் கண்டது. ஈரோட்டை அடுத்த பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு பண்ணையின் விவகாரத்தையே குறிப்பிடுகிறோம்.

அந்நிறுவனத்தின் திட்டம் இது: ஒன்றரை லக்ஷம் ரூபாய் கட்டுவோருக்கு ஆறு ஈமுக் குஞ்சுகள், கொட்டகையும் தீவனமும் கம்பெனியின் பொறுப்பு, பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 ரூபாய் போனஸ். ஆண்டொன்றுக்கு 92,000 ரூபாய் ஆயிற்று. நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட வட்டி! பறவையை வளர்க்க இயலாதவர் பணத்தை மட்டும் கட்டிவிட்டு வீட்டிலிருக்கவும் வழி செய்திருந்தார்கள். எந்த நியாயமான தொழில் இவ்வளவு ஈட்டும்?

இந்தக் கேள்வி ஏன் எழவில்லை? சேலத்துக்குத் தெற்கேயுள்ள பனமரத்துப்பட்டி போன்ற ஊர்களின் வாழ்க்கையை அறிந்தோர்க்கு இது விளங்கும். அங்கே அரளிப் பூவைப் பறித்துச் சேலம் சந்தைக்கு அனுப்புகிறார்கள். பண்டிகை நாளில் ஏறும் விலை மறுவாரம் சரிந்துவிடும். ஒரு காலத்தில் சேலம் நகருக்கே குடிநீர் தந்த ஏரி வறண்டு கிடந்ததையும் அவ்வூரார் கண்டிருக்கிறார்கள். வானத்தையும் சந்தையையும் நம்பி வாழ்பவரிடம், உத்தியோகஸ்தருக்குச் சம்பளம் வருவதுபோல் மாதந்தோறும் பணம் வருமென்றால் அவர் மனம் இளகாதா? ஆசையைக் காட்டிலும் அச்சத்தைத் தொட்டால் மனிதன் விரைவில் இணங்குவான் என்பது விளம்பரக்காரர் அறிந்த ரகசியம்.

இரண்டாவது உபாயம், பழகிய தொழிலின் வேஷத்தைப் போடுவது. கம்பெனி குஞ்சும் தீவனமும் தர, குடியானவர் கோழி வளர்த்துக் கூலி பெறும் முறை பல்லடம் வட்டாரத்தில் நெடுநாளாக உண்டு. ஈமுவும் அதைப் போன்றதே என்று எண்ணச் செய்தார்கள். ஆனால் கோழியைத் தினந்தோறும் தின்போர் ஏராளம். ஈமு இறைச்சியைத் தின்றவர் எத்தனை பேர்? கோழிக்காரருக்குக் கம்பெனி கூலி தருகிறது. இங்கோ குடியானவரே முன்பணம் கட்ட வேண்டும்.

மூன்றாவது, தெரிந்த முகம். திரையில் நியாயத்துக்காகப் போராடும் நடிகர்கள் விளம்பரத்தில் தோன்றினார்கள். நியாயஸ்தலத்தில் எந்தச் சாட்சியும் குறுக்கு விசாரணைக்குத் தப்ப முடியாது. விளம்பரச் சாட்சியோ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கூலியும் பெற்றுப் போய்விடுகிறார்.

2012 ஆகஸ்டில் பண்ணை மூடப்பட்டது. கைவிடப்பட்ட பறவைகளுக்குச் சர்க்கார் தீவனம் போட நேர்ந்தது. நிர்வாகி பின்னர் 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனை பெற்றார். அதனால் குடியானவரின் பணம் உடனே வீடு திரும்பிவிடவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தில் தோன்றுவோருக்கும் 10 லக்ஷம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடந்தருகிறது. மீண்டும் செய்தால் 50 லக்ஷம். பிரசுரிப்போருக்கும் அபராதம் உண்டு. ஆயினும் வழக்கமான தொழில் முறையில் பிரசுரித்ததாக நிரூபித்தால், விளம்பரத்துக்கு எதிரான உத்தரவை முன்பே அறிந்திராத பத்திரிகைக்காரர் தப்பிவிடலாம்.

இந்த விலக்கு நமக்குச் சௌகரியமானதே. எனினும் அதில் ஒளிந்துகொள்வது அழகன்று. தலையங்கத்தை நம்பும் வாசகர் பக்கத்திலுள்ள விளம்பரத்தையும் அந்நம்பிக்கையோடுதான் படிக்கிறார். அந்த நம்பிக்கையை அங்குலக் கணக்கில் விற்கப் பத்திரிகைகளுக்கு உரிமை ஏது? நிச்சய லாபம் என்று கூறி முன்பணம் கேட்கும் விளம்பரத்தை, சர்க்காரின் அனுமதிப் பத்திரத்தைப் பாராமல் அச்சேற்ற மாட்டோமென்று பத்திரிகைகள் விரதம் பூண வேண்டும்.

வாசகர்களோ எந்த விளம்பரத்தையும் மூன்று கேள்விகளால் குறுக்கு விசாரணை செய்யலாம். இச்சரக்கை வாங்குவார் யார்? எனக்குத் தரும் பணம் எங்கிருந்து வரும்? இவ்வளவு லாபமுள்ள தொழிலுக்கு என் பணம் எதற்கு? பதில் வரும்வரை பணம் பெட்டியிலேயே இருக்கட்டும்.