இரண்டு நிமிட விமானப் பயணம்

விமானத்தில் ஏறி, இருக்கை வாரை மாட்டிக்கொண்டு, சன்னல் வழியே கடலைப் பார்க்கத் தொடங்குவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டால் எப்படி இருக்கும்? ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளில் இஃது அன்றாட நிகழ்வு.

ஆர்க்னியில் சுமார் 70 தீவுகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 20 தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்பவை அவற்றுள் இரண்டு. இவ்விரு தீவுகளின் விமானத்தளங்களுக்கு இடைப்பட்ட தூரம் வெறும் 2.7 கிலோமீட்டர். எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏறத்தாழ இவ்வளவு நீளம் இருக்கும்! உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை இதுதான். லோகன்ஏர் நிறுவனம் 1967ஆம் ஆண்டு முதல் இதனை நடத்தி வருகிறது.

பயண அட்டவணையில் இதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் 2 நிமிடம். அப்படியானால் சராசரி வேகம் என்ன? மணிக்கு 81 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் செல்லும் கார்கூட இதை முந்திவிடும். ஆனால், ஒருமுறை இதே தூரத்தை விமானம் 53 வினாடிகளில் கடந்திருக்கிறது. அப்போது அதன் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 183 கிலோமீட்டர்.

தூரம் மாறவில்லை; நேரம் மட்டும் ஏன் மாறுகிறது? அட்டவணை நேரத்தில் விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் அடங்கும். காற்றும் ஒரு முக்கியக் காரணம். விமானங்கள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே மேலெழும்பும். எதிர்காற்று இறக்கைகளைத் தூக்கிவிட உதவும். சேரவேண்டிய தீவு இருக்கும் திசையை நோக்கியே மேலெழும்ப முடிந்தால் பயணம் விரைவில் முடிந்துவிடும். காற்று வேறு திசையிலிருந்து வீசினால், விமானி அத்திசையில் கிளம்பி, வானில் திரும்பி வரவேண்டும். பத்து மணி நேரப் பயணத்தில் இந்தச் சுற்று ஒரு பொருட்டே அன்று. ஒன்றிரண்டு நிமிடப் பயணத்திலோ அது நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

இங்குப் பறப்பது 'ஐலண்டர்' எனப்படும் சிறிய விமானம். இரண்டு சுழல்விசிறிகளைக் கொண்ட இவ்விமானத்திற்குச் சுமார் அரை கிலோமீட்டர் நீள ஓடுபாதையே போதும். இதில் விமானிக்கு அருகிலேயே ஒரு பயணி அமரலாம்.

இவ்வளவு குறைந்த தூரத்திற்கு விமானம் தேவைதானா என்ற கேள்வி எழலாம். படகுப் போக்குவரத்தும் உண்டு. ஆனால், வடகடலின் அலைகள் எல்லா நாளும் அமைதியாக இருப்பதில்லை. பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. பெரிய மருத்துவமனை ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலில்தான் உள்ளது. நோயாளிகளும், தீவு தீவாகச் சென்று பாடம் நடத்தும் ஆசிரியர்களும் இச்சேவையையே நம்பியிருக்கின்றனர். 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையான கல்வீடுகளைக் காணவரும் சுற்றுப்பயணிகளும் இதில் வருகின்றனர்.

கடும் மூடுபனி சூழ்ந்தால் விமானம் கிளம்பாது. அன்று ஆசிரியர் வெஸ்ட்ரேயிலேயே காத்திருப்பார், 2.7 கிலோமீட்டருக்கு அப்பால் அவருடைய மாணவர்களும் காத்திருப்பார்கள்.