விதையோடு போகும் பாக்டீரியா

ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பழைய ரப்பரையோ செம்பனையையோ சாய்த்து மறுநடவு செய்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். கன்றுகளுக்கு நடுவே, மண்ணே தெரியாதபடி பச்சைக் கொடி படர்ந்திருக்கும். களை என்று நினைத்துவிடாதீர்கள். தோட்ட நிர்வாகம் காசு கொடுத்து விதை வாங்கிப் போட்ட மூடுபயிர் அது. புவேராரியா, கலோபோகோனியம், செந்ட்ரோசீமா எல்லாமே அவரைக் குடும்பம், சோயாவுக்கு உறவு.

மழையில் மேட்டு மண் கரையாமல் காப்பது இதன் முதல் வேலை. இன்னொரு வேலை வேரில் நடக்கிறது. அங்குள்ள சிறு முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. மலேசிய ரப்பர் தோட்டங்களில் செய்த ஆய்வுகளின்படி, முதல் 5 ஆண்டுகளில் ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 150 கிலோ நைட்ரஜன். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோதான் நைட்ரஜன். ஆறு மூட்டைக்கு மேல் மிச்சம்!

ஆனால் விதையை அப்படியே தூவினால் பெரும்பாலானவை முளைக்காது. தோல் அவ்வளவு கடினம். புவேராரியா விதையை ஏறக்குறைய 75 பாகை சுடுநீரில் ஊறவைப்பார்கள். இந்தியாவிலிருந்து வரும் முக்குனா விதை இன்னும் பெரியது. நகவெட்டியால் ஒவ்வொரு விதையின் தோலையும் சற்றே நறுக்கிவிடுவதும் உண்டு. பொறுமையான வேலைதான்.

அதன் பிறகே ரைசோபியம் கலந்த பொடியை விதைமேல் பூசுவார்கள். இங்குதான் காரியம் கெடுகிறது. பொடியில் இருப்பவை உயிருள்ளவை. வெயிலில் வைத்தால் சாகும். அமில உரத்தோடு கலந்தாலும் சாகும். அதனால்தான் பாறைப் பாஸ்பேட்டைச் சேர்க்கிறார்கள். குளிர்நாட்டுச் சோயா விவசாயிக்கு வேறு சிக்கல். சீக்கிரமே விதைத்தால் குளிர்ந்த ஈரமண்ணில் விதை அழுகும் என்று பூஞ்சைக்கொல்லி பூசுகிறார். அவற்றில் சில பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஆகவே மருந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அது காய்ந்தபின், விதைப்பதற்குச் சற்று முன்னர்தான் ரைசோபியம் பூச வேண்டும்.

எல்லா நிலத்துக்கும் இந்தப் பொடி தேவையா? சோயாவுக்கு அதற்கென்றே உள்ள இனம் வேண்டும். இதுவரை சோயா விளையாத மண்ணில் அது இருப்பது அரிது. நம் மூடுபயிர்கள் அவ்வளவு பிகு செய்வதில்லை. உள்ளூர் மண்ணிலுள்ள பல இனங்களோடு ஒத்துப்போகும். மூடுபயிர் முன்பே நன்றாக வளர்ந்த நிலத்தில் பொடிக்குச் செலவிடுவது வீண் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாக்டீரியா வேலை செய்கிறதா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. சாலையோரத் தொட்டாற்சிணுங்கியும் இதே குடும்பம்தான். ஒன்றை வேரோடு மெதுவாகத் தோண்டி, முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் வேலை நடக்கிறது. நம் இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் அது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால், முடிச்சு மட்டும் உண்டு, வேலை இல்லை.